வற்றத்தில் தட்டிய படகு

மேல்பவானியிலிருந்து மாற்றலாகி வந்த பதினோராம் நாள்.
தை பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.
முத்துப்பேட்டையில், இருட்டோடு, கோரையாற்றில் படகேறினேன்.
கையில் பதிவேடு, உப்புமானி.
தலையில் மலையில் வாங்கிய கம்பளிக் குல்லா.
இந்த ஊரில் அதை என்னைத் தவிர யாரும் போடுவதில்லை.

படகு நைனா முகமதுவுடையது.
இருபத்தாறு வயது. அவனைவிட அவன் இஞ்சின் அதிகம் பேசும்.

காயலுக்குள் நுழைந்ததும் பனி இறங்கியது.
முதலில் எதிர்க்கரை போயிற்று,
பிறகு படகின் மூக்கு,
பிறகு நைனா.
எனக்குப் பழகிய காணாமல்போதல்தான்.
எங்கள் சோலைக்காட்டில் மேகம் மேலே இருப்பதில்லை.
முழங்கால் உயரத்தில் நடந்து வந்து
மரத்தாடிப் பாசியில் தன்னைப் பிழிந்துவிட்டுப் போகும்.
ஒரு கணம் இடம் மறந்து
தவளைக்குக் காது கொடுத்தேன்.

தட்டியது.
நைனா கழியை ஊன்றினான். பாதிக் கழியைச் சேறு வைத்துக்கொண்டது.
"வத்தம்" என்றான்,
கடைசி பஸ் போயிடுச்சு என்பதுபோல.
"ஏத்தம் வர மூணு மணி நேரம் ஆகும்."

காத்திருந்தோம்.
காடு தவணை முறையில் வந்தது.
முதல் தவணை, வேர்கள்:
சேற்றைத் துளைத்து மேல்நோக்கி, மூச்சுவிட வந்தவை,
அறுத்துவிட்ட சம்பாத் தாள் மாதிரி
கண்ணுக்கெட்டிய மட்டும்.
அவற்றினூடே ஒரு மீன் நடந்து போனது.
நடந்துதான் போனது.
நின்று, கண்ணிரண்டையும் உள்ளே இழுத்து நனைத்துக்கொண்டு
மறுபடி என்னைப் பார்த்தது.
பதிவேட்டில் இதற்குப் பத்தி இல்லை.
அப்பால் ஒரு நத்தைகுத்தி நாரை.
மூடியும் மூடாத அதன் அலகின் இடைவெளியில்
கொஞ்சம் வெளிச்சம்.

நைனா ஓர் அலையாத்தி இலையைப் பறித்து நீட்டினான்.
"நக்கிப் பாருங்க."
உப்பு.
வேர் குடித்ததை இலை வெளியே தள்ளுகிறது.

"எங்க மலையில இலை மேகத்தைக் குடிச்சு
சொட்டுச் சொட்டாக் கீழ விடும்" என்றேன்.
"மழை இல்லாமயா?"
"மழை இல்லாம."
அவன் நம்பியதாகத் தெரியவில்லை.
பீடியைப் பற்ற வைத்துவிட்டுக் கேட்டான்:
"அப்ப மதகு யாரு கையில?"

சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.
அந்தச் சொட்டு
குந்தாவில் ஓர் அணை, பில்லூரில் ஓர் அணை,
பவானிசாகரில் ஒன்று,
கூடுதுறையில் காவிரிக்குள் பெயரை இழந்து,
கல்லணையில் சாவிக்குக் காத்திருந்து,
நீடாமங்கலத்தில் மூன்றாய்ப் பிரிந்து,
மிச்சம் ஏதேனும் இருந்தால்
இந்தப் படகின் அடியில்.

கண்ணாடியில் ஒரு துளி விட்டு வானத்துக்குக் காட்டினேன்.
இருபத்தெட்டு.
போன தையில், எனக்கு முன் இருந்தவரின் சாய்ந்த கையெழுத்தில்,
பதினேழு.
"ஐப்பசி ஏமாத்திருச்சு" என்றான் நைனா.
"அதுக்கு முந்தின வருஷம் ஒரு வாரம்
காயல் தண்ணி இனிச்சுது. ராலு அள்ள ஆளில்ல."

வாய்க்கால் கரையில் இங்கே பூவரசு நிற்கிறது,
மஞ்சளாய்ப் பூத்து மாலையில் சிவக்கிறது.
அங்கே காட்டுப்பூவரசு, எடுத்த எடுப்பில் தீ.
பெயரில் மட்டும் உறவு.
இரண்டும் ஒன்றையொன்று விசாரித்ததில்லை.

நீர் சொல்லாமல் வந்தது.
வேரின் கால்வாசி மறைந்தது, அரைவாசி மறைந்தது,
நடந்த மீன் வேரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.
படகு லேசாகப் புரண்டு படுத்தது.
நைனா கழியை உருவினான்.

குல்லாவைக் கழற்றினேன்.
பனி ஊறிக் கனத்திருந்தது.
படகுக்கு வெளியே கை நீட்டிப் பிழிந்தேன்.

இஞ்சின் கயிற்றைச் சுண்டப்போனவன்
திரும்பிப் பார்த்தான்:
"தொறந்தாச்சா மேடம்?"